கம்பியில்லாத கொக்கி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு மணி வரை, கர்நாடக மாநிலத்தின் மின்சாரத்தை நான் திருடிக்கொண்டிருக்கிறேன் என்று முழு மனதோடு நம்பினேன். விளையாட்டாக அல்ல, சட்டை நனைய வியர்த்துக்கொண்டு நம்பினேன். எலக்ட்ரிகலில் டிப்ளமோ படித்தவன் நான். இருபத்தாறு வருஷமாக மோட்டாரோடும் ஸ்விட்ச்போர்டோடும் குடித்தனம் நடத்துகிறவன். ஐம்பதைத் தாண்டியாயிற்று. படிப்பும் அனுபவமும் வயதும் சேர்ந்தால் மனிதன் முட்டாள்தனத்திலிருந்து தப்பிவிடுவான் என்று யாராவது சொன்னால் அவரை என்னிடம் அனுப்பிவையுங்கள்.

எங்கள் ஆலை ஓசூருக்கு வடக்கே, தமிழ்நாடு முடியப்போகிற இடத்தில் இருக்கிறது. வடக்குக் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு ஏரி. ஏரிக்கு அந்தக் கரை கர்நாடகா. ஏரியில் தண்ணீர் இருந்தால் கொக்குகளுக்கும், இல்லாவிட்டால் கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கும் எல்லை என்று ஒன்று கிடையாது. செல்போனுக்கும் கிடையாது. ஆலையின் முன்வாசலில் நின்றால் என் போன் தமிழ்நாட்டில் இருக்கும். வடக்கு ஷெட்டுக்கு நடந்தால் கன்னடத்துக்கு மாறிவிடும். நடுவில் ஒரு இருபது அடி இருக்கிறது, அங்கே அது எந்த மாநிலத்தில் இருப்பது என்று தெரியாமல் திணறும். பேசிக்கொண்டிருக்கிற அழைப்பு அங்கேதான் அறுந்துபோகும். என் மனைவி காய்கறிப் பட்டியல் சொல்லிக்கொண்டிருக்கும்போது அறுந்து, நான் திரும்ப அழைத்தால் ஒரு அம்மாள் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்பார். பட்டியலுக்குப் பயந்து நானே துண்டிக்கிறேன் என்று வீட்டில் ஒரு கருத்து நிலவியது. அந்தக் கருத்தை உடைப்பதற்காகவே போன் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதிப்போட்டேன். அவர்கள் வழக்கம்போல ஒரு புகார் எண் அனுப்பினார்கள். நானும் வழக்கம்போல அதை மறந்துபோனேன்.

நாங்கள் வண்டிகளுக்கான ரப்பர் பாகங்கள் செய்கிறோம். ரப்பர் வேகிற புகையை வெளியே தள்ள வடக்கு ஷெட்டின் சுவரில் வரிசையாகப் பதினாறு எக்ஸாஸ்ட் ஃபேன்கள். பதினெட்டு அடி உயரத்தில். ஒவ்வொரு மோட்டாரின் சூட்டையும் பார்த்துச் சொல்ல ஒரு சென்சார், ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் ஒரு பட்டன் செல். பதினாறு செல்லும் ஒரே நாளில் செத்தால் ஒரே நாளில் அழுது முடித்துவிடலாம். அவை கோடை விடுமுறைக்கு வரும் உறவினர்களைப்போல, ஒன்று கிளம்பியதும் இன்னொன்று என்று வருஷம் முழுவதும் என்னை ஏணி ஏற்றின. மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் நான். ஏணி என் பொறுப்பு. முட்டியும் என்னுடையதுதான்.

ஒருமுறை எட்டாம் நம்பர் ஃபேனின் செல் செத்தது. முட்டி வலி என்று தள்ளிப்போட்டேன். நான்காம் நாள் எட்டாம் நம்பர் மோட்டாரே எரிந்துபோயிற்று. ஷெட் முழுக்கப் புகை.

அதற்கு அடுத்த வாரம்தான் கல்லாவி மேடம் என்னிடம் வந்தார். எங்கள் ஆலையில் பெயர் சொல்லி அழைப்பது குறைவு, ஊர்தான் பெயர். நான் அருப்புக்கோட்டையார். அவர் டெஸ்டிங் பிரிவில் எலக்ட்ரானிக்ஸ் பார்க்கிறவர், ஊர் ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவி. செல்லே இல்லாத சென்சார் செய்யலாம் என்றார். செல் இல்லாவிட்டால் கரண்ட் எங்கிருந்து வரும் என்று கேட்டேன்.

"காத்துலயே இருக்குதுங்ணா," என்றார். "செல்போன் டவருங்க அலைய வீசிக்கினே இருக்குது. நம்ம போனு எடுத்துக்கறது அதுல ஒரு துளி. மீதி செவுத்துல மோதி வீணாத்தான் போவுது. அதக் கொஞ்சம் புடிச்சா போதும்."

"கொஞ்சம்னா எம்புட்டு?"

"ரொம்பக் கம்மி. கொழா சொட்டுதுன்னு வெச்சிக்கோங்க. கீழ ஒரு சொம்பு. சொட்டுச் சொட்டா சொம்பு ரொம்புனதும் மூஞ்சி கழுவிக்கினு, மறுபடியும் சொம்ப வெச்சுட்டுத் தூங்கிடறது. இதுவும் அப்படித்தான். ரொம்புனதும் முழிச்சி, மோட்டார் சூடு இவ்ளோன்னு ஒரு வார்த்தை சொல்லும். சொல்லிட்டுத் தூங்கிடும்."

ஏணி ஏற வேண்டியதில்லை என்ற ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது. விஞ்ஞானத்துக்கு அன்று கிடைத்த முதல் ஆதரவாளர் என் முட்டி.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்புவதற்கு முன்னால் கிடைக்கிற அரைமணி நேரங்களைச் சேர்த்துச் சேர்த்து அவர் பதினாறும் செய்து முடித்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, அதன்மேல் செம்புத் தகடு, பின்பக்கம் காந்தம், மோட்டாரின் உடம்பில் ஒட்டிக்கொள்ள ஒரு மெல்லிய ஒயர். அவ்வளவுதான். பார்த்தால் யாரும் நூறு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

எங்கள் ஜி.எம். ஒரு நிபந்தனை வைத்தார். முப்பது நாள். பதினாறு சென்சாரும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறையாவது பேச வேண்டும். யாரும் தொடக் கூடாது, ஒரு இடத்திலும் விட்டுப்போகக் கூடாது. தேறினால், குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் இன்னொரு ஆலைக்கும் நாற்பது செய்யலாம், அதற்கென்று மேடத்துக்கு ஒரு தனி அறை உண்டு. தேறாவிட்டால் பழையபடி பட்டன் செல் வாங்கிக்கொள்வோம், அவர் பழையபடி டெஸ்டிங் பெஞ்சுக்குப் போகலாம்.

வெளியே வந்ததும் மேடம் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பத்து வருஷமா அடுத்தவங்க செஞ்சது சரியா தப்பான்னு பாத்துக்கினே இருக்கறன். ஒருக்கா நான் செஞ்சத அவங்க பாக்கட்டும்ணா."

நான் கிண்டல் செய்யாமல் விட்ட வாக்கியங்கள் என் வாழ்க்கையில் மிகக் குறைவு. அது அவற்றில் ஒன்று.

சென்சார்களை மாட்டுவதற்கு முந்தின நாள், அலை எங்கே பலமாக இருக்கிறது என்று அளப்பதற்கு ஒரு மீட்டரைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஆலையைச் சுற்றினோம். எங்கள் பக்கத்து டவரைப் பெரிய கிடங்கு ஒன்று மறைத்திருந்தது. வடக்கு ஷெட்டில், வெளிச்சத்துக்காகச் சுவரின் மேல்பகுதியில் ஃபைபர் ஷீட் போட்டிருக்கிறோம். தகரம் அலையை மறிக்கும், ஃபைபர் மறிக்காது. அதன் பின்னால் மீட்டரைப் பிடித்தபோது முள் துள்ளியது. ஏரிக்கு அந்தக் கரையில் ஒரு டவர் நேராக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அது அந்தப் பக்கத்து டவருல்ல?" என்றேன்.

"ஆமாங்ணா. கர்நாடகா."

"அப்ப சொட்டுறது அவங்க தண்ணி."

இருவரும் சிரித்தோம். என் நகைச்சுவையால் எனக்கே தீங்கு வந்த நாட்களின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. நான்கு நிமிஷத்துக்கு ஒருமுறை பதினாறும் பேசின. நான் ஏணியைப் பார்க்கும்போதெல்லாம், பிரிந்துபோன சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன். ஆனால் அந்தச் சமயத்தில் மேலே, கர்நாடகத்தில் மழை இல்லை. டிவியில் மறுபடியும் காவிரி. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் சாலையில் உட்காரப்போகிறார்கள் என்று பேச்சு. அப்படி ஆனால் எங்கள் பஸ்கள் ஜூஜூவாடியோடு நின்றுவிடும், அங்கிருந்து எல்லையை நடந்துதான் கடக்க வேண்டும். ஓசூரில் குடியிருக்கிறவர்களில் ஒருமுறையாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படி நடக்காதவர்கள் குறைவு. ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின்மேல் கோபப்படுவது எங்களுக்குச் செய்தி அல்ல, கால் வலி.

அந்த வாரத்தில்தான் கேன்டீன் மாஸ்டரிடம் வாயைக் கொடுத்தேன். அவர் ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுவார், தக்காளி மண்டியில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்று மொழியிலும் ஒரே மாதிரி பயமுறுத்தத் தெரிந்தவர். செல் இல்லாமல் சென்சார் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நானும் டிப்ளமோ மிடுக்கோடு குழாய், சொம்பு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் சாம்பார்க் கரண்டியை அப்படியே நிறுத்தினார்.

"எந்த டவரு சாமி?"

"ஏரிக்கு அந்தாண்ட இருக்கே, அது."

"அப்ப கொக்கி போட்டிருக்கீங்க."

அவர் ஊரில் பக்கத்து வயல்காரர் மின்கம்பியில் கொக்கி போட்டு மோட்டார் ஓட்டின கதையை ஆரம்பித்தார். மின்வாரிய ஆட்கள் ஜீப்பில் வந்தார்களாம். உடனே உள்ளே வரவில்லையாம். முதலில் தூரத்தில் நின்று பார்த்தார்களாம். எழுதிக்கொண்டார்களாம். அதற்கப்புறம்தான் வந்து பிடித்தார்களாம். இதில் கம்பியே கிடையாதே என்றேன்.

"கம்பி இல்லாத கொக்கி. அவ்ளோதானே? இழுக்கறது இழுக்கறதுதான் சாமி. தண்ணிக்கே அந்தப் பாடு படறோம். கரண்ட்டுன்னா சும்மா உடுவாங்களா?"

நான் பலமாகச் சிரித்தேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், படுத்தேன், புரண்டேன். இழுக்கிறது இழுக்கிறதுதானே? டிப்ளமோவில் இதற்கு ஒரு பதில் இருந்தது என்று நினைவு. எந்த செமஸ்டரில் என்பதுதான் மறந்துவிட்டது. மேடத்திடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெளிந்திருக்கும். ஆனால் குழாய்ச் சொம்பு விஷயத்தில் எல்லாம் புரிந்தவனைப்போலத் தலையாட்டியவன், மூன்று வாரம் கழித்து, "மேடம், இது திருட்டா?" என்று போய் நிற்பதா?

இருபத்தேழாம் நாள். செவ்வாய். காலை பத்தரை. ஏரிக்கரையில் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. கே.ஏ. நம்பர் பிளேட். கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில், பெரிய மீனைச் சாப்பிட்டுவிட்டு முள்ளை மட்டும் கம்பில் செருகியதுபோல ஒரு ஆன்டெனா. அதை ஏரிப்பக்கம் காட்டினார். ரோட்டுப்பக்கம் காட்டினார். மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்து, எங்கள் வடக்கு ஷெட்டின் சுவருக்கு நேராக நிறுத்தினார். இன்னொருவர் எழுதிக்கொண்டார்.

தூரத்தில் நின்று பார்க்கிறார்கள். எழுதிக்கொள்கிறார்கள். மாஸ்டர் சொன்ன வரிசை மாறவில்லை.

முதலில் ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒளிந்தேன். ஒளிந்தவுடன், ஒளிகிறவன்தான் குற்றவாளி என்று தோன்றியதால் வெளியே வந்தேன். வெளியே நின்றால் தெரியுமே என்று மறுபடி ஒளிந்தேன். அங்கிருந்தே மனைவியை அழைத்து, இன்று வர நேரமாகலாம் என்றேன். குரலில் ஒரு விடைபெறும் கம்பீரத்தைக் கொண்டுவர முயன்றதாக நினைவு. அவளுக்கு அது கேட்கவில்லை.

"எம்புட்டு நேரம் ஆகும்? வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

எவ்வளவு நேரம் என்பது எந்த ஊர் ஜெயில் என்பதைப் பொறுத்தது என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் கால்கள் தாமாக ஷெட்டை நோக்கி நடந்து அந்த இருபது அடிக்குள் நுழைந்துவிட்டன. அழைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தேன். கன்னட அம்மாள் மன்னிப்புக் கேட்டார். அன்று அந்தக் குரலில் ஒரு கண்டிப்பு இருந்ததாக எனக்குப் பட்டது.

பிறகு நான் செய்ததை என் முட்டி இன்றுவரை நம்பவில்லை. ஏணியைத் தூக்கினேன். முதல் ஃபேன். ஏறினேன், காந்தத்தை இழுத்தேன், ஒயரோடு பிடுங்கினேன், இறங்கினேன். இரண்டாவது. மூன்றாவது. பதினாறும். கீழே பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஆடிட்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது. மற்றவற்றை வாயைத் திறக்காமலே சொன்னேன்.

பதினாறையும் ஒரு கோணியில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகக் கேன்டீனுக்குப் போனேன். மாஸ்டரிடம் ஜீப்பைக் காட்டினேன். தான் சொன்னது நிஜமாகவே நடப்பதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. இதை எங்கேயாவது வையுங்கள் என்றேன். தன் கேன்டீனில் இருந்தால் தானும் உள்ளே போக வேண்டும் என்றார். கொக்கி என்று சொன்னது யார் என்று கேட்டேன். கடைசியில் பெரிய அலுமினிய இட்லிக் குண்டானுக்குள் அவற்றை இறக்கி, மூடி போட்டு, சந்தேகம் வராமலிருக்க அடுப்புப் பக்கம் சாம்பார் அண்டாவை ஒட்டி வைத்தோம். இரண்டு திருடர்களும் ஆளுக்கொரு காபி குடித்தோம்.

நான் காபியைப் பாதி குடிப்பதற்குள் மேடம் வந்துவிட்டார். அவருடைய கம்ப்யூட்டரில் சென்சார்கள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தியிருந்தன. முதலில் தன் சென்சார்தான் கெட்டுப்போயிற்று என்று நினைத்திருக்கிறார். ஷெட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் பதினாறு இடமும் காலி.

"யாரோ எடுத்துக்கினு போயிட்டாங்கணா," என்றார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். "மூணு நாள். இன்னும் மூணே நாள்தான் இருந்துது."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேசையில் சிந்திக் கிடந்த காபியை விரலால் இழுத்து ஒரு கோடு போட்டுக்கொண்டே இருந்தார். மாஸ்டர் காலியான ஒரு சட்டியை மும்முரமாகக் கிளறினார். வெளியே ஜீப், எதிரே மேடம், பக்கத்தில் குண்டான். என் தைரியத்துக்கு மூன்று பக்கமும் வேலி.

அப்போது அவர் எழுந்தார். செக்யூரிட்டியிடம் சொல்லி கேட்டை மூடச் சொல்லியிருக்கிறாராம். ஷிப்ட் முடிந்து போகும்போது எல்லோருடைய பையையும் திறந்து பார்க்க வேண்டுமாம்.

எல்லோரும் என்றால் சாப்பாட்டுப் பையோடு வருகிற எங்கள் ஆட்கள். ஏணியைப் பிடித்துக்கொள்கிறவர்கள், முட்டிக்குத் தைலம் தருகிறவர்கள். அவர்கள் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டுவதையும், அந்த வரிசையில் நானும் ஒன்றும் தெரியாதவனாக நிற்பதையும் ஒரு கணம் பார்த்தேன். கர்நாடகத்து ஜெயில் அதைவிட மேல் என்று பட்டது.

"மேடம்," என்றேன். "குண்டான்ல இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. எழுந்துபோய் மூடியைத் திறந்துகாட்டினேன். குனிந்து பார்த்தார்.

"எதுக்குணா?"

ஜீப், மீன்முள், கொக்கி, ராயக்கோட்டை வயல், காவிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. அவர் ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரு லைட்டு ஒண்ணு அந்தாண்ட இருக்குது. அதோட வெளிச்சம் உங்க வாசல்ல விழுது. அந்த வெளிச்சத்துல நீங்க வெங்காயம் உரிக்கறீங்க. லைட்டு அதிகமா கரண்ட் எடுக்குமா?"

"எடுக்காது."

"நீங்க உரிக்காம உள்ள போய்ட்டா கம்மியா எடுக்குமா?"

"இல்ல."

"கொக்கி போட்டா நீங்க இழுக்கற அளவுக்கு அவங்க கூட அனுப்பணும். இது ஏற்கெனவே வீசுனது. நம்ம எடுத்தாலும் அவ்ளோதான், செவுத்துல மோதுனாலும் அவ்ளோதான்." போனில் ஏதோ கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சென்சார் ஒரு வருஷம் முழுக்கப் பிடிக்கிற கரண்ட்டை வைத்துக்கொண்டு, நம் வீட்டு ஒன்பது வாட் பல்பை ஒரு நிமிஷம்கூட எரிக்க முடியாது. "நீங்க டிப்ளமோதானே சார்?"

சார். மூன்று வருஷமாக ணா என்று அழைத்தவர். மாஸ்டர்கூடச் சட்டியைக் கிளறுவதை நிறுத்திவிட்டார்.

குண்டானை ஏரிப்பக்க ஜன்னலுக்குக் கொண்டுபோய் மூடியை எடுத்து, பலகைகளைத் திண்டின்மேல் பரப்பினோம். யாரும் எதையும் அழுத்தவில்லை, திருகவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றோம். சில நிமிஷம் கழித்து அவர் போனில் ஏழாம் நம்பர் ஃபேன் பேசியது. மோட்டார் சூடு ஐம்பத்திரண்டு டிகிரி.

"அது என் சாம்பார் சூடு," என்றார் மாஸ்டர் பெருமையோடு.

மேடம் சிரிக்கவில்லை. நான் கோணியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் மறுபடியும் பதினாறு முறை ஏறினேன். ஒரே நாளில் முப்பத்திரண்டு ஏற்றம். ஒன்றரைக்கு எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தன. நான் மேலே இருந்த நேரத்தில் ஜீப்காரர்கள் கேட்டுக்கு வந்து, ஜி.எம்.மைப் பார்த்து, மொட்டைமாடிக்குப் போய் எதையோ அளந்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலம் மேடத்தையும் என்னையும் ஜி.எம். கூப்பிட்டார். திரையில் பதினாறு கோடுகள். எல்லாவற்றிலும் நடுவே பல் விழுந்ததுபோல ஒரு இடைவெளி. என்ன ஆயிற்று என்று கேட்டார். மேடம் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜி.எம். ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. ஒரு நகைச்சுவைக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. கேட்டு முடித்துவிட்டு மேடத்திடம் திரும்பினார்.

"திரும்ப வந்தப்ப ஸ்டார்ட் பண்ணது யாரு?"

"யாரும் இல்ல சார். அலை கெடச்சதும் அதுவா முழிச்சிக்கிச்சு."

ஜி.எம். அதைக் குறித்துக்கொண்டார். டவர் ஒருநாள் படுத்து எழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி தனக்கு இருந்தது, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்றார். எனக்கு நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. அது முழுதாக நிமிர்வதற்கு முன் அவர் சொன்னார், "ஆனா முப்பது நாள்னா முப்பது நாள்தான். நாளைக்கு ஒண்ணாம் நாள். ஏணி இனிமே என் ரூம்ல இருக்கட்டும்."

மேடம் சரி என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது ஜி.எம். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். காலையில் வந்தவர்கள் விட்டுப்போனது. போன் கம்பெனி ஆட்கள். இந்த வளாகத்திலிருந்து யாரோ கொடுத்த புகாரின்பேரில் இரண்டு பக்கத்து சிக்னலையும் அளந்து பார்க்க வந்திருக்கிறார்கள். புகார் கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் இருக்கிற போன் நம்பர் யாருடையது என்று தெரிகிறதா என்று கேட்டார்.

தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன். கொத்தமல்லி வாங்க மறந்துபோனேன்.

அடுத்த ஒன்பது நாளும் நான் சார். குட்மார்னிங் சார், கையெழுத்துப் போடுங்க சார். வேறு பேச்சு இல்லை. பத்தாம் நாள் காலை அவர் பட்டறைக்கு வேகமாக வந்தார்.

"ணா, எட்டு சூடாயிக்கினே போவுது. ஏணி எடுங்க."

ஜி.எம். அறைக்குப் போய் ஏணியைக் கேட்டு வாங்கினேன். எட்டாம் நம்பர் மோட்டாரின் பேரிங் காய்ந்து கிடந்தது. கிரீஸ் வைத்தேன். சென்சாரைத் தொடவில்லை. என் விரல் அதன் பக்கம் போகிறதா என்று கீழேயிருந்து மேடம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் சூடு இறங்கியது.

பதினைந்தாம் நாள் இன்னொரு வேடிக்கை. என் புகாரை மதித்து, ஏரிக்கரை டவரில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆன்டெனாவைப் போன் கம்பெனி சற்றே திருப்பிவைத்தது. சொட்டு மெலிந்தது. நான்கு நிமிஷத்துக்கு ஒருமுறை பேசிய சென்சார்கள் ஆறு நிமிஷத்துக்குத் தள்ளிப்போயின. மேடம் என்னைப் பார்த்தார். பத்து நிமிஷத்துக்குள்தானே என்று சொல்லிவிட்டு நான் கேன்டீனுக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் பதினைந்து நாளும் தினம் காலையில் வந்தவுடன் எத்தனை நிமிஷம் என்று கேட்பேன். ஆறு என்பார்.

முப்பதாம் நாளும் ஆறுதான். பதினாறும் பேசின, ஒரு இடத்திலும் இடைவெளி இல்லை. குருபரப்பள்ளி ஆலைக்கு நாற்பது செய்ய உத்தரவு வந்தது. ஸ்டோர்ஸ் பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்றை மேடத்துக்குக் கொடுத்தார்கள். நாற்பதையும் ஏணி ஏறி மாட்டியது நான். என் அழைப்பு இப்போதும் அறுகிறது, முன்பைவிடப் பத்தடி தள்ளி.